சிலந்தி வலையைப் படம் பிடித்த குடியானவர்

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்று ஒரு சிற்றூர். மாடு வளர்த்துப் பால் விற்றுப் பிழைக்கும் குடியானவர்கள் வாழ்ந்த ஊர். அவர்களில் ஒருவர் மட்டும் கோடைகாலத்து விடியற்காலைகளில், காமிராவும் கையுமாகச் சிலந்தி வலைகளைத் தேடி அலைந்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள்.

அவர்தான் வில்சன் பென்ட்லி. உறைபனித் துகள்களைப் படம் பிடித்து உலகப் புகழ் பெற்றவர்.

பத்துப் பசு விலை!

1865-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி பென்ட்லி பிறந்தார். தாயார் ஆசிரியையாக இருந்தவர். 14 வயது வரை மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 15-வது வயதில் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பையும் கொடுத்தார். பையன் அதை விட்டு நகரவே இல்லை.

மைக்ராஸ்கோப்புடன் இணைந்த காமிரா ஒன்று வேண்டும் என்று அடம் பிடித்தார். அதன் விலையோ பத்துப் பசுக்களின் விலை! வீண் வேலை என்று எண்ணிய தகப்பனார்கூட, கடைசியில் மனம் இரங்கினார். தோல்விமேல் தோல்வி கண்ட பிறகு, 1885 ஜனவரி 15-ந் தேதி முதல் பனித்துகள் படம் வெற்றியாக விழுந்தது. அப்போது வயது 19.

ஒட்டடையா, முத்துச்சரமா?

குளிர்காலம் போனதும் பென்ட்லியின் கண் சிலந்தி வலை மீது திரும்பியது. காற்றும் மேகமும் இல்லாத இரவில் பனி நன்றாக இறங்கும். வட்ட வலையில் சுற்றிச் சுற்றி ஓடும் இழையில் பசை உண்டு. அதில் பனி, மணி மணியாகக் கோத்து நிற்கும். ஊராருக்கு அது ஒட்டடை, பென்ட்லிக்கு முத்துச்சரம்.

பனித்துகளைப் பலகையில் ஏந்திக் காமிராவிடம் கொண்டு வந்துவிடலாம். வலையை அப்படிப் பெயர்த்தெடுக்க முடியுமா? காமிராதான் வலையிடம் போகவேண்டும். இளங்காற்று அசைத்தாலும் படம் கலங்கிவிடும். வெயில் ஏறினாலோ முத்துக்கள் மறைந்துவிடும். அந்தச் சிறு பொழுதுக்காக அவர் காத்துக் கிடந்தார்.

வெட்டுக்கிளி ஒன்றை மாலையிலேயே பூவோடு மெல்லக் கட்டி வைத்து, பனி மூடிய அதன் உருவத்தைக் காலையில் படம் எடுத்ததும் உண்டு!

வந்தவர் ஆறு பேர்

ஒரு முறை ஊரார் கண்டு களிக்கட்டும் என்று, படங்களைத் திரையில் காட்டிப் பேச ஏற்பாடு செய்தார். கட்டணம் இல்லை. அன்று மழையும் இல்லை, குளிரும் இல்லை. ஆனாலும் வந்தவர்கள் ஆறே பேர்! படத் தகடுகளை ஐந்து சென்ட்டுக்கு விற்றார். அதில் பொருள் சேருமா? ஆனாலும் காமிராவைக் கீழே வைக்கவில்லை. பண்ணை வேலையையும் விடவில்லை. திருமணம் செய்துகொள்ளவும் இல்லை.

அவர் எடுத்த பனித்துகள் படங்கள் மட்டும் 5,000-க்கு மேல். அவற்றில் 2,400-க்கு மேற்பட்டவை 1931-ல் புத்தகமாக வெளிவந்தன. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவரை நிமோனியா பற்றிக்கொண்டது. 23-ந் தேதி காலமானார். வயது 66.

ஆறு பேர் மட்டும் வந்த அதே ஜெரிகோவில், பிற்காலத்தில் அவர் படங்களுக்கென்றே ஒரு காட்சிச்சாலை அமைந்தது. பைத்தியம் என்று சொன்ன ஊருக்கு, அந்தப் பைத்தியக்காரரால்தான் பெயர்!