அனந்தத்தை அளந்த ஜார்ஜ் காண்டர்

நம் காலனியில் மேல்நிலை வகுப்புப் பயிலும் பிள்ளைகள் கணித நூலைத் திறந்தால் தொடக்கத்திலேயே கணங்கள் என்னும் பாடத்தைக் காண்கின்றனர். பொருள்களின் தொகுதியைக் கணம் என்பர். இதில் அஞ்சுதற்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் எளிதாகக் கடந்து செல்கின்றனர். அவ்வெளிய கருத்தினின்று கணிதத்தின் அடித்தளத்தையே புதிதாக அமைத்த அறிஞர், தம் வாழ்நாளில் பட்ட துயரைப் பாடநூல் விரித்துரைப்பதில்லை. அவர்தம் வரலாற்றை இவ்வாண்டு மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

ஜார்ஜ் காண்டர் 1845-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் டென்மார்க்கிலிருந்து வந்து அங்கு வாழ்ந்த வணிகர். தாயார் இசைவாணர் மரபில் தோன்றியவர். தந்தையாரின் உடல்நலம் குன்றவே, 1856-இல் குடும்பம் ஜெர்மனிக்குப் பெயர்ந்தது. பதினொரு வயதில் பிறந்த ஊரை விட்டு வந்த சிறுவனின் மனநிலையை, பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை. மகன் பொறியியல் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நெஞ்சமோ கணிதத்தையே நாடியது. 1862-இல் தந்தை மனமிசைந்தார். மறு ஆண்டே அவர் காலமானார். மகன் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பயின்று 1867-இல் முனைவர் பட்டம் பெற்றார்; 1869-இல் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். பெர்லினில் ஒரு பேராசிரியர் பதவி கிடைக்கும் என்ற ஆசை அவருக்கு இறுதிவரை இருந்தது. அது நிறைவேறவே இல்லை.

அவர் எழுப்பிய வினா குழந்தையும் கேட்கத்தக்கது. முடிவில்லாத இரு தொகுதிகளுள் எது பெரிது? எண்ணி முடிக்க இயலாதவற்றை ஒப்பிடுவது எங்ஙனம்? நம் சங்கத்தின் ஆண்டு விழா மண்டபத்தை நினைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர் அமர்ந்திருக்கிறார், எவரும் நிற்கவில்லை. எனில் நாற்காலிகளையும் எண்ண வேண்டுவதில்லை, மக்களையும் எண்ண வேண்டுவதில்லை, இரண்டும் சமம். ஒன்றுக்கு ஒன்றாக இணைக்கும் இம்முறையையே காண்டர் அனந்தத்திற்கும் கைக்கொண்டார்.

அதனால் விளைந்தவை வியப்புக்குரியன. 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என இணைத்துக்கொண்டே சென்றால், இரட்டை எண்கள் எல்லா எண்களுக்கும் சமமாகிவிடுகின்றன! பின்னங்கள் அனைத்தையும்கூட இவ்வாறே வரிசையில் நிறுத்திவிடலாம். அப்படியாயின் அனந்தம் யாவும் ஒன்றுதானா? அன்று என்று 1873 டிசம்பரில் அவர் கண்டார். 1874-இல் அதனை வெளியிட்டார். 1891-இல் அவர் அளித்த எளிய நிறுவல் இது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தசம எண்கள் அனைத்தையும் ஒருவர் பட்டியலிட்டுவிட்டதாகக் கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம், மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கம் எனக் குறுக்காகச் சென்று, ஒவ்வோரிடத்திலும் வேறோர் இலக்கத்தை இடுவோம். 0, 9 இரண்டையும் மட்டும் இடாது விடுவோம். இவ்வாறு பிறக்கும் புதிய எண் பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணினின்றும் ஓரிடத்திலாவது வேறுபடும். ஆகவே அது பட்டியலில் இல்லை. எத்துணை நீண்ட பட்டியலும் இங்ஙனம் தோற்கும். எண்ணுகின்ற அனந்தத்தினும் கோட்டின் புள்ளிகளாகிய அனந்தம் பெரிது என்பது உறுதியாயிற்று.

இக்கொள்கையை எல்லோரும் வரவேற்கவில்லை. பெர்லினில் அவருக்கு ஆசிரியராயிருந்த லியோபோல்ட் குரோனெக்கரே கடுமையாக எதிர்த்தார். முழு எண்களைக் கொண்டு, முடிவுள்ள படிகளில், கட்டிக் காட்டக்கூடியதே கணிதம் என்பது குரோனெக்கரின் கொள்கை. முரணில்லாத எதனையும் எண்ணிப் பார்க்கக் கணிதத்திற்கு உரிமையுண்டு என்பது காண்டரின் கொள்கை. கணிதப் பொருள்கள் நாம் ஆக்குவனவா, முன்பே உள்ளவற்றை நாம் காண்கின்றோமா என்னும் பழைய தத்துவ வழக்கே இவர்களிடையே மீண்டும் எழுந்தது எனலாம். 1877-இல் எழுதிய ஒரு கட்டுரை வெளிவரத் தாமதமானபோது, குரோனெக்கரின் கை அதில் இருப்பதாகக் காண்டர் ஐயுற்று மனம் புழுங்கினார்.

ஆயினும் அவரைப் பெரிதும் வாட்டியது எதிரியின் சொல்லன்று. தாமே எழுப்பிய ஒரு கேள்வி. எண்ணும் எண்களின் அனந்தத்திற்கும் கோட்டுப் புள்ளிகளின் அனந்தத்திற்கும் நடுவே வேறோர் அனந்தம் உண்டா? இல்லை என்று அவர் ஊகித்தார். ஆனால் நிறுவ இயலவில்லை. 1884-இல் நிறுவிவிட்டதாக எழுதினார். பின் அதனைக் கைவிட்டார். ஊகமே தவறு என நிறுவியதாக எழுதினார், அதனையும் கைவிட்டார். அவ்வாண்டிலேயே மனநோய் முதன்முறையாக அவரைத் தாக்கியது. குரோனெக்கரின் எதிர்ப்பே நோய்க்குக் காரணம் என்று முற்காலத்தார் எழுதினர். பிற்கால ஆய்வாளர்களோ அந்நோய் இயல்பாகவே வரும் வகையினது என்றும், எதிர்ப்பு அதன் துயரை மிகுத்திருக்கலாம் என்றும் கருதுகின்றனர்.

நோய் விட்ட இடைவெளிகளில் அவர் சோர்ந்திருக்கவில்லை. 1890-இல் ஜெர்மானியக் கணிதச் சங்கம் தோன்றப் பாடுபட்டு அதன் முதல் தலைவரானார். 1899-இல் இளைய மகன் ருடால்ப் இறந்தது பேரிடியாயிற்று. எனினும் 1900-இல் பாரிஸ் மாநாட்டையொட்டி டேவிட் ஹில்பர்ட் புதிய நூற்றாண்டுக்கென வகுத்த 23 சிக்கல்களுள், காண்டரின் அவ்வினாவே முதலிடம் பெற்றது. 1904-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு சில்வெஸ்டர் பதக்கம் வழங்கியது. 1913-இல் ஓய்வு பெற்றார். முதல் உலகப் போரின் பஞ்சம் அவரையும் வருத்தியது. 1918-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஹாலே நகர மனநல மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். வினாவுக்கு விடை காணாமலே போனார்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. கணங்களைக் கட்டுப்பாடின்றி ஆக்கினால் முரண்கள் விளைவதைப் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முதலியோர் கண்டனர். அவற்றை விலக்க 1908-இல் ஸெர்மெலோ அடிகோள்கள் வகுத்தார். நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகளே அடிகோள்கள். அவை பின்னர் விரித்துச் செப்பனிடப்பட்டன. அவை முரணற்றவையாயின், அவற்றைக் கொண்டு காண்டரின் ஊகத்தைப் பொய்யென்று காட்ட இயலாது என்று குர்ட் கோடெல் 1940-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். மெய்யென்று காட்டவும் இயலாது என்று 1963-இல் பால் கோஹென் நிறுவினார். காண்டர் தேடிய கதவுக்கு அவ்விதிகளுக்குள் திறவுகோலே இல்லை! தம் அறிவின் குறையென எண்ணி அவர் வருந்திய தோல்வி, அவருடையதன்று. எவராலும் அங்கே வென்றிருக்க முடியாது. அவர் மறைந்து 45 ஆண்டுகள் சென்ற பின்னரே உலகம் இதனை அறிந்தது.

ஒரு கணக்கு வரவில்லையே என்று நம் பிள்ளைகள் இரவு நெடுநேரம் விழித்திருந்து வாடும்போது, பெற்றோராகிய நாம் சினந்து கொள்ளுதல் உண்டு. அவ்வேளையில் ஹாலே நகரத்துப் பேராசிரியரை நினைவிற்கொள்வோமாக. விடை காணாத வினாவும் அறிவுக்கு ஆக்கம் தரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பாடநூலின் அச்சிறு பாடத்தைப் பிள்ளைகள் புரட்டும்போது, அதன் பின்னே நின்ற மனிதரையும் அவர்கள் அறிவார்களாயின், யாம் இதனை எழுதிய பயனைப் பெற்றவராவோம்.