குரோமோசோம்களை எண்ணிய அம்மையார்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும்போது, கடல் நெருங்க நெருங்க மண்ணின் நிறம் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். செம்மண் போய் வெண்மணல் வரும். சவுக்குத் தோப்புகள் தொடங்கும். அந்த மணலில் யாரும் நீர் வார்க்காமலே, இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் ஐந்து இதழ்களுடன் ஒரு சிறு செடி பூத்து நிற்கும். அதுதான் நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று சொல்லி அதைப் பறிக்க மறுக்கும் பாட்டிமாரும் நம்மிடையே உண்டு. மழைக்காலத்தில் வேலிகளின்மேல் நெருப்புப் போலப் படரும் செங்காந்தளையும் நாம் அறிவோம். கண்வலிக் கிழங்கு என்பதும் அதுவே. இவ்விரு செடிகளுக்கும் ஒரு பொதுக்குணம் இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் நஞ்சு இரண்டிலும் உண்டு.

அந்த உயிரணுப் பிரிவை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவரும், தம் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளை அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மதுரவாயலில் கழித்தவருமான டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாளின் வரலாற்றையே இங்குச் சொல்ல விழைகிறோம்.

ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் மலபாரிலுள்ள தலச்சேரியில் பிறந்தார். தந்தை திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் நீதிபதியாக இருந்தவர். தோட்டக் கலையிலும் இயற்கை நூல்களிலும் மிக்க ஈடுபாடுடையவர். பல பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. ஜானகி படித்தது தலச்சேரி திரு இருதயக் கன்னியர் மடத்துப் பள்ளியில். நம்மைப் போலவே அருட்சகோதரிகளிடம் பாடம் கேட்ட மாணவி என்பதை எண்ணும்போது நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து சென்னை இராணி மேரிக் கல்லூரிக்கு வந்தார். பின் மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்று, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

சகோதரியருக்கு ஒருவர்பின் ஒருவராகத் திருமணம் நடந்தது. தம் முறை வந்தபோது ஜானகி படிப்பைத் தேர்ந்துகொண்டார். கீழை நாட்டுப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் அளித்த பார்பர் உதவிச்சம்பளம் அவருக்குக் கிடைத்தது. கப்பலேறிப் போனார். அங்கே 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். நம் நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்களே மிகச் சிலராயிருந்த காலம் அது!

அவர் பயின்ற துறை என்ன? நம் உடலும் செடியின் உடலும் உயிரணுக்களால் ஆனவை. ஓர் உயிரணு இரண்டாகும்போது அதன் உட்கருவிலுள்ள நூல் போன்ற குரோமோசோம்கள் முதலில் தம்மைப் போலவே இன்னொரு படி எடுத்துக்கொள்கின்றன. பிறகு நடுவே வரிசையாக வந்து நிற்கின்றன. இரு முனைகளிலிருந்தும் வரும் மெல்லிய இழைகள் அவற்றைப் பற்றி, ஆளுக்குச் சரிபாதியாக இழுத்துக்கொள்கின்றன. தறியில் பாவு ஓட்டுகிறவர் ஓர் இழையும் குறையாமல் எண்ணிப் பிரிப்பதைப் போன்ற வேலை இது. பெற்றோரின் குணங்களைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்லும் ஜீன்கள் இந்தக் குரோமோசோம்களில்தான் அடங்கியிருக்கின்றன. அவற்றை எண்ணுவதும், உருவத்தை வரைவதும், எந்தச் செடி எந்தச் செடிக்கு உறவு என்று கண்டுபிடிப்பதுமே ஜானகி அம்மாளின் தொழில்.

திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியையாக இருந்தபின், 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அங்கே கரும்பைக் காட்டுப் புற்களுடனும், சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றுடனும் ஒட்டுச் சேர்த்துப் புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். நமக்கெல்லாம் வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. மனிதனுக்குக் குரோமோசோம் 46. கரும்பிலோ நூற்றுக்கும் மேல் உண்டு! எண்ணிக்கை கூடினால் அறிவு கூடும் என்று பொருளல்ல என்பது இதனால் விளங்கும். பெண் என்பதாலும், தனித்து வாழ்ந்தவர் என்பதாலும், பிறந்த குலத்தாலும் அந்நாளில் அவர் பட்ட சங்கடங்கள் பல. அவற்றையெல்லாம் அவர் அதிகம் பேசியதில்லை. வேலையைப் பார்த்தார்.

1939-இல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ நகர் சென்றார். போர் மூண்டது; திரும்ப இயலவில்லை. லண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் அமர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வதும், காலையில் ஆராய்ச்சிசாலைக்குச் சென்று உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வதுமாக இருந்தார் என்று சொல்வதுண்டு. அணிற்பிள்ளை ஒன்றைப் புடவைக்குள் மறைத்துக் கப்பலில் கொண்டுசென்றார் என்ற கதையும் உண்டு. அது எவ்வளவு உண்மையோ, நமக்குக் கேட்க இனிக்கிறது. 1945-இல் அறிஞர் டார்லிங்டனும் அவரும் சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார்கள். அதன்பின் விஸ்லியிலுள்ள அரசத் தோட்டக்கலைச் சங்கத்தில், மக்னோலியாக் கன்றுகளின் குருத்தில் கோல்ச்சிசின் என்னும் மருந்தை இட்டு ஆராய்ந்தார்.

நம் செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். முன்பு சொன்னோமே, குரோமோசோம்களை இழுக்கும் மெல்லிய இழைகள். அவை உருவாகாமல் இது தடுத்துவிடும். படியெடுத்த குரோமோசோம்கள் பிரிய வழியில்லாமல் ஒரே உயிரணுவில் தங்கிவிடும். எண்ணிக்கை இரட்டிப்பாகும். செடிக்கு இதனால் பெரும்பாலும் கெடுதியில்லை. இலை தடிக்கும், பூ பெருக்கும். அவர் பெயர் தாங்கிய ஒருவகை மக்னோலியா மரம் விஸ்லியில் இன்றும் பூக்கிறது.

மனிதருக்கு அப்படியன்று. இங்கேதான் புற்றுநோய் வருகிறது.

ஜானகி அம்மாள் புற்றுநோய் மருத்துவர் அல்லர். அந்நோயை அவர் ஆராய்ந்தார் என்றும் நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் செடிகளின் குரோமோசோம்களை எண்ணியவர்கள் வகுத்த பாதையில்தான் மருத்துவர்கள் பின்னாளில் நடந்தார்கள். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. அது 46 என்று 1956-இல் திருத்தியவர்கள் டிஜோ, லெவான் என்னும் இருவர். இருவருமே தாவரங்களில் கைபழகியவர்கள்; அதே கோல்ச்சிசினையே பயன்படுத்தினார்கள். சரியாக எண்ணத் தெரிந்தபின்தானே பிழையைக் காண முடியும்? நான்கே ஆண்டுகளில், 1960-இல், ஒருவகை இரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பிலடெல்பியாவில் கண்டார்கள். 9-ஆவது குரோமோசோமின் துண்டும் 22-ஆவதன் துண்டும் இடம் மாறிக்கொண்டதே அதன் காரணம் என்று 1973-இல் மெய்ப்பித்தவர் ஜேனட் ரவ்லி என்ற பெண்மணி.

உயிரணு எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளையிடும் ஜீன்கள் உண்டு. ஒன்று முடுக்கும், மற்றொன்று தடுக்கும். புகையிலையாலோ, கதிர்வீச்சாலோ, சில வைரஸ் கிருமிகளாலோ, படியெடுக்கும்போது நேரும் தற்செயல் பிழையாலோ இவை கெடலாம். ஒரு பிழை போதாது. பல பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேரவேண்டும். அதனால்தான் இந்நோய் முதுமையில் மிகுதி. தடை கெட்ட உயிரணு பிரிந்துகொண்டே போகும். அதுவே புற்று.

இதைக் கேட்டவுடன் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: தாய்க்கு வந்தால் மகளுக்கும் வருமா? நம் பக்கத்துக் கிராமங்களில், பெண் பார்க்க வருகிறவர்களிடம் தாயின் நோயை மறைத்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த அச்சத்தால் மருத்துவரிடம் செல்லாமல் காலந்தாழ்த்திய தாய்மாரையும் நாம் கண்டிருக்கிறோம். குரோமோசோமில் மாற்றம் என்றால் அது பரம்பரை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மை வேறு. பெரும்பாலான புற்றுநோய்களில் மாற்றம் நேர்வது நோய் வந்த உறுப்பின் உயிரணுவில், கருமுட்டையில் அன்று. ஆதலின் அது பிள்ளைக்குப் போகாது. மேற்சொன்ன பிலடெல்பியாக் குரோமோசோமும் பிறவியில் வருவதன்று. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே பெற்றோர் வழி வந்த கெட்ட ஜீன் பெருங்காரணமாகிறது. அவர்களுக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள அது ஓர் எச்சரிக்கை.

இனி நித்தியகல்யாணிக்கு வருவோம். நீரிழிவுக்கு உதவுமா என்று கனடாவில் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன! 1958-இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது, வின்கிரிஸ்டின் பின்தொடர்ந்தது. குரோமோசோம்களை இழுக்கும் அதே இழைகளைத்தான் இவையும் குலைக்கின்றன. ஓயாமல் பிரியும் புற்றணு நடுவழியில் நின்று மடிகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து மென்றுவிட வேண்டாம். இரண்டு செடிகளுமே நஞ்சு.

ஜானகி அம்மாளோ 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். அலகாபாத், ஜம்மு எனப் பல ஊர்களில் பணிபுரிந்து, 1970 நவம்பரில் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களநிலையமே அவருடைய வீடும் ஆயிற்று. எழுபத்துமூன்று வயதில் மூலிகைத் தோட்டம் போட்டார். பூனைகள் பல வளர்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாதென்று குரல் கொடுத்தவர்களில் எண்பது வயதைக் கடந்த அவரும் ஒருவர். அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை எண்ணிவிடவும் முனைந்தார். 1984 பிப்ரவரியில், மதுரவாயலில், ஆராய்ச்சிப் பணியில் இருந்தபடியே காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மதுரவாயல் இப்போது சென்னை மாநகரோடு சேர்ந்துவிட்டது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதியர் சில ஆண்டுகளுக்குமுன் ஒரு புதிய இனத்துக்கு ஈ. கே. ஜானகி அம்மாள் என்று பெயரிட்டார்கள். அது மஞ்சள் ரோஜா. அவர் விரும்பி உடுத்தியதும் மஞ்சள் நிறப் புடவைகளே.