ஹெட்டி மெக்டானியல்: ஓரத்து மேசையில் அமர்த்தப்பட்ட ஒஸ்கார் விருதாளர்

அமெரிக்கத் திரையுலகின் பொற்காலம் எனப்படும் 1930 களையும் 1940 களையும் பற்றிப் பேசுவோர் கதாநாயகர்களினதும் கதாநாயகிகளினதும் பெயர்களையே முதலில் நினைவுகூருகின்றனர். அப்படங்களுக்கு உயிரூட்டிய குணசித்திர நடிகர்கள் பலர் மறக்கப்பட்டுவிட்டனர். அவர்களுள் ஹெட்டி மெக்டானியலின் வாழ்க்கை தனித்து நோக்கத்தக்கது. ஒஸ்கார் விருதைப் பெற்ற முதலாவது கறுப்பினக் கலைஞர் அவர். அவ்விருது வழங்கப்பட்ட மண்டபத்தில் சக நடிகர்களோடு ஒரே மேசையில் அமர அனுமதிக்கப்படாதவரும் அவரே.

ஹெட்டி 1893 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் திகதி கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். 13 பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். தந்தை ஹென்றி உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் சேர்ந்து போரிட்டவர். பின்னர் குடும்பம் கொலராடோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. டென்வர் நகரில் கல்வி கற்ற ஹெட்டி, பாடசாலை நாட்களிலேயே பாட்டிலும் கவிதை ஒப்புவித்தலிலும் திறமை காட்டினார். சகோதரர்களோடு மேடையேறினார், 1920 களில் வானொலியில் பாடினார், புளூஸ் இசைத்தட்டுகளும் வெளியிட்டார்.

1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியோடு மேடை வாய்ப்புகள் அருகிப் போயின. மில்வோக்கி நகரின் இரவு விடுதியொன்றில் கழிவறைப் பணியாளராக அவர் வேலை செய்ய நேர்ந்தது. காலப்போக்கில் அதே விடுதியின் மேடையில் பாடும் வாய்ப்பையும் பெற்றுக்கொண்டார். 1931 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றபோது, சகோதரர் சாம் மூலமாக வானொலி நிகழ்ச்சியொன்றில் இடம் கிடைத்தது. எனினும் அவ்வருமானம் போதாமையால் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் உழைத்தார்.

திரைப்படத்திலும் அவருக்குக் கிடைத்தவை பணிப்பெண் பாத்திரங்களே. தொடக்கத்தில் பெயர் கூடக் காட்டப்படவில்லை. 1934 ஆம் ஆண்டு ஜோன் ஃபோர்ட் இயக்கிய 'ஜட்ஜ் பிறீஸ்ட்' அவரைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1935 இல் 'அலிஸ் அடம்ஸ்' படத்தில், வசதியுள்ளோர் போல் நடிக்க முயலும் குடும்பத்தின் விருந்தொன்றுக்குக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பணிப்பெண்ணாகத் தோன்றினார். அந்தக் குடும்பத்தின் போலிப் பகட்டை ஒரு பார்வையாலும் அலுப்புற்ற நடையாலும் அவர் அம்பலமாக்கிய விதம், ரசிகர்கள் இன்றும் எடுத்துக்கூறும் ஒன்றாகும். எழுதித் தரப்பட்ட பாத்திரம் அடிபணிவதாக இருந்தபோதிலும், அதற்குள் அறிவும் கண்டிப்பும் நகைச்சுவையும் கொண்ட ஒரு மனுஷியை அவர் நிலைநிறுத்தினார்.

1939 இல் வெளியான 'கோன் வித் த விண்ட்' படத்தின் மாமி பாத்திரம் அவரைப் புகழின் உச்சிக்கு இட்டுச் சென்றது. ஆயினும் அதே ஆண்டு டிசெம்பரில் அட்லாண்டா நகரில் நடைபெற்ற முதற் காட்சியில் அவர் கலந்துகொள்ள முடியவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தின் இனப் பிரிவினைச் சட்டங்கள் தடையாக நின்றன. 1940 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் அம்பசடர் ஹோட்டலில் ஒஸ்கார் விழா நடைபெற்றது. கறுப்பினத்தவரை அனுமதிக்காத அந்த ஹோட்டலில், விசேட ஏற்பாட்டின் பேரிலேயே அவர் நுழைய முடிந்தது. சுவரோரத்துச் சிறிய மேசையொன்றில் அமர்த்தப்பட்ட அவர், அங்கிருந்து எழுந்து சென்று சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். இன்னொரு கறுப்பின நடிகை ஒஸ்கார் பெறுவதற்கு, 1991 இல் வூப்பி கோல்ட்பர்க் மேடையேறும் வரை, 51 ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

விருதின் பின்னரும் பாத்திரங்கள் மாறவில்லை. இப்போது கண்டனம் சொந்தச் சமூகத்திலிருந்தும் எழுந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான வோல்டர் வைட், 1942 இல் ஹொலிவூட் தயாரிப்பாளர்களைச் சந்தித்து, கறுப்பினத்தவரை வேலைக்காரராகவே காட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு கோரினார். அக்கோரிக்கை நியாயமானது. அடிமைமுறையை இனிய குடும்ப உறவாகச் சித்திரித்த படங்கள் பெரும் தீங்கு விளைவித்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் பாத்திரங்களை எழுதியவர்கள் நடிகர்கள் அல்லர். திரையில் பணிப்பெண்ணாக நடித்து நல்ல ஊதியம் பெறுவதா, வீடுகளில் உண்மையாகவே பணிப்பெண்ணாக உழைத்துச் சில்லறை பெறுவதா என்ற தெரிவே தனக்கு முன்னால் இருந்தது என்பது ஹெட்டியின் நிலைப்பாடு.

அவரை அடிபணிந்தவராக மட்டும் கருதுவோர் 1945 ஆம் ஆண்டின் வழக்கை நோக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸின் சுகர் ஹில் பகுதியில் அவரும் வேறு பல கறுப்பினத்தவரும் வீடு வாங்கிக் குடியேறியிருந்தனர். வெள்ளையரல்லாதோர் அங்கு குடியிருக்கக் கூடாது எனக் காணி உறுதிகளில் எழுதப்பட்டிருந்த நிபந்தனையைக் காட்டி, அயலவர் சிலர் அவர்களை வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தனர். ஹெட்டி அயலவரை ஒன்றுதிரட்டி எதிர்த்து நின்றார். சட்டத்தரணி லொரன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். அமெரிக்க அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தம் வழங்கும் உரிமையைச் சுட்டிக்காட்டி, நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நடைமுறைப்படுத்தலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948 இல் தீர்ப்பளித்தது.

1947 முதல் 'பியூலா' வானொலித் தொடரின் பிரதான பாத்திரத்தை ஏற்ற ஹெட்டி, மார்பகப் புற்றுநோயால் 1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி காலமானார். ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது விருப்பம். இனத்தைக் காரணம் காட்டி அங்கும் இடம் மறுக்கப்பட்டது. ரோஸ்டேல் மயானமே அவரை ஏற்றுக்கொண்டது. முன்னர் மறுத்த மயானத்தில் 1999 இல் நினைவுக்கல்லொன்று நிறுவப்பட்டது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச் சென்ற ஒஸ்கார் விருது காணாமற்போனது. அதற்கு மாற்றீடாக வேறொன்றை ஒஸ்கார் அமைப்பு 2023 ஒக்டோபரில் வழங்கியது.

காலம் கடந்த இவ்வகைப் பரிகாரங்கள் இழைக்கப்பட்ட அநீதியை இல்லாமற் செய்வதில்லை. எனினும் ஒடுக்கப்பட்ட ஒரு காலத்தில் வாழ்ந்தவர்களை மதிப்பிடும் நாம், அவர்கள் எதனை ஏற்றுக்கொண்டார்கள் என்பதோடு எதனை ஏற்க மறுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஹெட்டி மெக்டானியல் தனக்குத் தரப்பட்ட பாத்திரங்களை ஏற்றார். தனது வீட்டை விட்டுக்கொடுக்க மறுத்தார்.