ஈ நடந்த ஓசையைக் கேட்டவர்

பள்ளிக்கூட ஆண்டு விழா. தலைமை ஆசிரியர் மேடைக்கு வருகிறார். அவர் சட்டையில் விரல் நுனி அளவில் ஒரு கறுப்புப் பொருள். அதுதான் காலர் மைக். அதிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கம்பி கிடையாது. மேடையில் நடந்துகொண்டே பேசலாம்.

பேசத் தொடங்குகிறார். முதல் வரி கணீர் என்று கேட்கிறது. இரண்டாவது வரியில் கரகரவென்று ஓர் இரைச்சல். மூன்றாவது வரி பாதியில் அறுந்து போகிறது. கூட்டம் சிரிக்கிறது. பாவம், தலைமை ஆசிரியர்! இரவெல்லாம் விழித்துத் தயார் செய்த பேச்சு வீணாகிறது.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? பேச்சு ஏன் நடுவில் அறுந்தது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் 140 ஆண்டுகளுக்கு முன்பே தம் வீட்டிலும் வீட்டு வாசலிலும் விடை தேடிய மனிதர் ஒருவர் உண்டு. மைக்குக்கு வழி காட்டியவர் அவர். கம்பியில்லாமல் வந்த ஒலியைக் காதில் வைத்துக் கேட்டபடி தெருவில் நடந்தவரும் அவரே. அவர் பெயர் டேவிட் எட்வர்டு ஹியூஸ்.

உலகத்துக்குப் புதிய காதைக் கொடுத்தார் அவர். ஆனால் அவர் சொன்னதை உலகம் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

யாழ் வாசித்த சிறுவன்

ஹியூஸ் பிறந்தது 1831-ம் ஆண்டு. குடும்பத்தின் பூர்வீகம் வேல்ஸ். இங்கிலாந்தை ஒட்டிய மலைநாடு அது. ஹியூசுக்குச் சுமார் ஏழு வயதானபோது, குடும்பம் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

அது சங்கீதக் குடும்பம். ஹார்ப் என்ற நரம்பு வாத்தியத்தைச் சிறுவன் ஹியூஸ் அருமையாக வாசிப்பான். நம்முடைய பழைய யாழைப் போன்றது அந்த வாத்தியம். சின்ன விரல்கள் நரம்புகளில் ஓடுவதைக் கண்டு பெரியவர்கள் அதிசயப்பட்டார்கள்.

வயது 19 ஆயிற்று. கென்டக்கி மாநிலத்தில் பார்ட்ஸ்டவுன் என்ற ஊர்க் கல்லூரியில் அவருக்குச் சங்கீத ஆசிரியர் வேலை கிடைத்தது. சில நாட்களில் அதே கல்லூரியில் விஞ்ஞானமும் கற்பிக்கலானார். ஒரு கையில் சங்கீதம், மறு கையில் மின்சாரம். இரண்டும் கடைசி வரையில் அவரை விட்டுப் பிரியவில்லை.

எழுத்து அடிக்கும் தந்தி

அந்தக் காலத்தில் தந்தி என்றால் கட்டு, கடா என்ற சத்தம்தான். புள்ளியும் கோடுமாக வரும் செய்தியைப் பழகியவர்கள்தான் எழுத்தாக மாற்ற முடியும்.

ஹியூஸ் யோசித்தார். ஓர் ஊரில் எழுத்தை அழுத்தினால், மறு ஊரில் அதே எழுத்துக் காகிதத்தில் பதிய வேண்டும். அதற்கு இரண்டு ஊர்களிலும் உள்ள சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். அணுவளவு பிசகினாலும் எழுத்து மாறிவிடும்.

இங்கேதான் சங்கீதம் கை கொடுத்தது. ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு நரம்புகள் ஒரே வேகத்தில் அதிரும் அல்லவா? அதைப்போல் அதிரும் எஃகு வில் ஒன்றைக் கொண்டு சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கினார். எழுத்துக்களை அழுத்த, பியானோவில் இருப்பது போல் கறுப்பும் வெளுப்புமாக 28 கட்டைகள் வைத்தார். 1855-ல் இந்த இயந்திரம் உருவாயிற்று.

பிரான்சு அதை ஏற்றுக்கொண்டது. இத்தாலியும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடர்ந்தன. பட்டங்களும் பதக்கங்களும் குவிந்தன. பணமும் வந்தது. யாழ் வாசித்த சிறுவன் செல்வந்தர் ஆனார்.

மூன்று ஆணிகள்

பெரும் பணக்காரர் ஆன பிறகு லண்டனுக்கு வந்து குடியேறினார். கிரேட் போர்ட்லண்ட் தெருவில் வாசம். வீடே ஆராய்ச்சிக்கூடம். விலை உயர்ந்த கருவிகள் இருந்தனவா? இல்லை. ஆணி, அரக்கு, கண்ணாடிச் சாடி, சிறு பெட்டிகள். இவைதான் அவருடைய தளவாடங்கள்.

1876-ல் கிரகாம் பெல் டெலிபோனை உலகுக்குக் காட்டியிருந்தார். ஆனால் அதில் குரல் மிகவும் மெலிந்து கேட்டது. தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

ஹியூஸ் இரண்டு ஆணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவற்றின் மேல் மூன்றாவது ஆணியைக் குறுக்கே போட்டார். இறுகக் கட்டவில்லை. சும்மா படிந்திருந்தது. ஆணிகளின் வழியாக மின்சாரம் ஓடி, டெலிபோன் குழலுக்குப் போயிற்று. ஆணிகளின் அருகே ஓசை எழுப்பியதும் குழலில் அந்த ஓசை பெரிதாகக் கேட்டது!

காரணம் என்ன? மின்சாரத்தைக் குழாய்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம், குழாயின் திருகு போன்றது. ஓசை வந்து மோதும்போது அந்த இடம் கொஞ்சம் இறுகும், கொஞ்சம் தளரும். திருகைத் திறந்து மூடுவது போல, மின்சாரம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தில் குரலின் வடிவம் அப்படியே இருக்கும்.

ஆணிகளுக்குப் பதிலாகக் கரியை வைத்தார். இன்னும் நன்றாகக் கேட்டது. ஒரு சிறு ஈ பலகையின் மேல் நடந்தால், அதன் காலடி ஓசைகூடக் காதில் விழுந்தது! இதற்கு அவர் வைத்த பெயர்தான் மைக்ரோபோன். 1878 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அமெரிக்காவில் எடிசனும் கரியை வைத்து இதே போன்ற வேலையில் இருந்தார். தம் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று எடிசன் பத்திரிகைகளில் சீறினார். ஹியூஸ் மறுத்தார். சண்டை பெரிதாயிற்று. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஹியூஸ் தம் மைக்குக்கு உரிமைப் பத்திரம் வாங்கவில்லை. காசு கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று உலகத்துக்கு விட்டுவிட்டார்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

இன்றைய காலர் மைக்கில் கரி இல்லை. 1962-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த வேறு வகை அதற்குள் இருக்கிறது. ஆனால் குணம் மாறவில்லை. ஈயின் காலடியைக் கேட்ட காது, சட்டை உரசுவதைக் கேட்காமல் விடுமா?

தலைமை ஆசிரியரின் மேடையில் கரகரத்தது, அவருடைய துண்டு! அது மைக்கின் மேல் உரசிக்கொண்டே இருந்தது. பட்டுப்புடவையும் கழுத்துச் சங்கிலியும் இதே வேலையைச் செய்யும். ஆகையால் துணியும் நகையும் தொடாத இடத்தில் மைக்கைக் குத்த வேண்டும். மைக்கிலிருந்து இடுப்புப் பெட்டிக்குப் போகும் மெல்லிய கம்பியைச் சிறு வளையமாக மடித்துச் செருகினால், இழுப்பும் ஆட்டமும் மைக்குக்குப் போகாது.

மைக் வாய்க்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, நெஞ்சின் நடுவில். தூரம் இரண்டு மடங்கானால் குரல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மின்விசிறி இரைச்சலோ அப்படியே இருக்கும். உடனே ஒலியைக் கூட்டுவார்கள். குரலோடு இரைச்சலும் கூடும். மைக்கைக் கிட்டே வைப்பதே சரியான வழி. வெளியில் காற்று அடித்தால் அதற்குப் பஞ்சுத் தொப்பி போட வேண்டும்.

ஹியூஸ் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட முறையும் இதுதான். இரைச்சல் வந்தால் எரிச்சல்படமாட்டார். அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவார். அப்படித் தேடியபோதுதான் ஒரு பெரிய அதிசயம் அவர் கையில் அகப்பட்டது.

தெருவில் நடந்த மனிதர்

1879-ம் ஆண்டு. ஹியூஸ் ஒரு மின்சாரக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். டெலிபோன் குழலில் வேண்டாத ஓசை ஒன்று வந்தது. தேடிப் பார்த்தார். கருவியில் ஓர் இடத்தில் கம்பி சரியாகத் தொடாமல் இருந்தது. வேறொருவராக இருந்தால் அதை முறுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்.

ஹியூஸ் அப்படிச் செய்யவில்லை. குழலையும் மைக்கையும் கருவியிலிருந்து பிரித்தார். கம்பித் தொடர்பே இல்லை. அப்போதும் ஓசை கேட்டது! கருவியில் மின்சாரம் அறுந்து பொறி தட்டும் போதெல்லாம், தூரத்தில் இருந்த குழலில் டிக் என்றது.

கடிகார இயந்திரம் ஒன்றை வைத்து, பொறி தானாகவே தட்டும்படி செய்தார். குழலைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். கேட்டது. வாசலுக்குப் போனார். கேட்டது. தெருவில் இறங்கி நடந்தார்.

நினைத்துப் பாருங்கள். பரபரப்பான லண்டன் தெரு. குதிரை வண்டிகள் ஓடுகின்றன. நடுத்தர வயது மனிதர் ஒருவர், எதனுடனும் சேராத குழலைக் காதில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடக்கிறார்! பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ?

சுமார் 60 கஜம் வரை ஓசை வலுத்தது. பிறகு மெல்லக் குறைந்தது. 500 கஜத்துக்கு அப்பால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் ஒரு விந்தை. சில வீடுகளுக்கு எதிரே ஓசை மறைந்துவிடும். சில அடி தள்ளிப் போனால் திரும்பவும் கேட்கும்.

நம் தலைமை ஆசிரியரின் பேச்சு அறுந்ததும் இதே காரணத்தால்தான். வானொலி அலை நேராகவும் வரும், சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஓர் இடத்தில் சேர்ந்து வலுக்கும். இன்னோர் இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஆகையால்தான் நல்ல காலர் மைக்கின் வாங்கும் பெட்டிக்கு இரண்டு ஏரியல்கள் வைக்கிறார்கள். ஒன்றில் ஒலி மறைந்தால் மற்றது பிடித்துக்கொள்ளும்.

மனித உடம்பும் அலையை விழுங்கும். ஆகையால் வாங்கும் பெட்டியை, பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி உயரத்தில் வைக்க வேண்டும். இடுப்புப் பெட்டியின் ஏரியலை மடித்துச் செருகக் கூடாது. கூட்டம் வருவதற்கு முன், மைக்கை மாட்டிக்கொண்டு மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பேசியபடியே நடந்து பார்க்க வேண்டும். எங்கே அறுகிறது என்று தெரிந்துவிடும். ஹியூஸ் தெருவில் செய்தது இதைத்தானே!

வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள்

1880 பிப்ரவரி 20. ராயல் சொசைட்டியின் தலைவர் ஸ்பாட்டிஸ்வுட் ஹியூஸ் வீட்டுக்கு வந்தார். உடன் ஹக்ஸ்லியும் ஸ்டோக்சும் வந்தார்கள். மூவரும் இங்கிலாந்தின் தலைசிறந்த அறிஞர்கள்.

ஹியூஸ் எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஓசை கேட்டது. யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டோக்ஸ் ஒரு முடிவு சொன்னார். இது பழைய சங்கதி, மின்தூண்டல் என்று முன்பே தெரிந்த விஷயம்தான், புதிய அலை ஒன்றும் இல்லை என்றார்.

ஹியூஸ் மனம் உடைந்தது. காதால் கேட்டதை நிரூபிக்க அவரிடம் கணக்கு இல்லை. ஸ்டோக்ஸோ கணிதப் புலி. எதிர்த்து வாதாட முடியவில்லை. உறுதியாக நிரூபிக்கும் வரை எழுதுவதில்லை என்று கட்டுரையை நிறுத்திவிட்டார். சோதனைகளை மட்டும் தொடர்ந்தார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1888-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற இளைஞர் மின்காந்த அலை உண்டு என்று ஐயமற நிரூபித்தார். 1896-ல் மார்க்கோனி இங்கிலாந்துக்கு வந்து கம்பியில்லாத் தந்தியைக் காட்டினார். உலகம் அவர்களைக் கொண்டாடியது.

ஹியூஸ் வாய் திறக்கவில்லை. 1899-ல் ஓர் எழுத்தாளர் கடிதம் எழுதி வற்புறுத்திக் கேட்ட பிறகே நடந்ததைச் சொன்னார். அப்போதும் பொறாமை இல்லை. தம்முடைய சோதனையைவிட ஹெர்ட்சின் சோதனையே மேலானது என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 1900 ஜனவரி 22-ல் காலமானார். பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியை லண்டன் மருத்துவமனைகளுக்கு எழுதி வைத்திருந்தார்.

நம்மவருக்குக் கிடைத்த பதக்கம்

எந்த ராயல் சொசைட்டியின் அறிஞர்கள் அவர் பேச்சை ஏற்கவில்லையோ, அதே சொசைட்டி 1902 முதல் அவர் பெயரால் ஒரு பதக்கம் வழங்கி வருகிறது. அதற்கும் அவர் வைத்துப் போன பணமே உதவியது. 1913-ல் டெலிபோன் தந்த கிரகாம் பெல் அதைப் பெற்றார்.

1930-ல் பெற்றவர் யார் தெரியுமா? நம் சர். சி. வி. ராமன்! அதே ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மிருதங்கத்தின் நாதத்தையும் வீணையின் நாதத்தையும் ஆராய்ந்தவர் ராமன். யாழ் வாசித்தவர் பெயரில் உள்ள பதக்கம், வீணையை ஆராய்ந்தவர் கைக்கு வந்தது. எவ்வளவு பொருத்தம்!

மைக் கரகரத்தால் இனி அதைத் தட்டாதீர்கள். ஒரு நிமிடம் காது கொடுங்கள். துண்டா, சங்கிலியா, சுவரா என்று தேடுங்கள். வீட்டில் ஒரு குழந்தை, தனக்கு மட்டும் ஏதோ கேட்பதாக ஓடி வந்து சொன்னால், அதையும் தட்டிவிடாதீர்கள். என்ன கேட்டது என்று விசாரியுங்கள்.

அன்று லண்டன் வீட்டில் அந்த மூவரும் இன்னும் கொஞ்சம் பொறுமையாக விசாரித்திருந்தால், வானொலியின் கதை எட்டு ஆண்டு முன்னதாகவே தொடங்கியிருக்கலாம்.