நீரை அளக்கச் சொன்ன மேஜர் பவல்

அணை கட்டவும், ரஸ்தா போடவும், ரெயில் பாதை அமைக்கவும் கேட்கும் பணம் சட்டசபைகளில் எளிதில் கிடைத்துவிடுகிறது. அந்த அணைக்குப் போதிய தண்ணீர் ஆற்றில் உண்டா, அந்த நிலம் குடிகளைத் தாங்குமா என்று முன்கூட்டி ஆராய்வதற்குப் பணம் கேட்டாலோ, அது வீண் செலவென்று பலருக்குத் தோன்றுகிறது. ஆராய்ச்சியின் முடிவு தமக்கு அனுகூலமாக இராதென்று தெரிந்தவர்கள் அதை நிறுத்திவிடவே முயலுகிறார்கள். இவ்வுண்மைக்கு மேஜர் ஜான் வெஸ்லி பவல் என்ற அமெரிக்கரின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. ஆகையால் அதனை நமது வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பவல் 1834-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் மெதடிஸ்டு மதப் பிரசாரகர். அடிமை முறையை வன்மையாக எதிர்த்தவர். மகனோ கலாசாலைப் பட்டம் எதுவும் பெறவில்லை. ஆறுகளில் படகோட்டித் திரிந்தும், செடிகளையும் கிளிஞ்சல்களையும் கற்களையும் சேகரித்தும், இயற்கையையே ஆசானாகக் கொண்டு கற்றார். உள்நாட்டு யுத்தம் மூண்டபோது அடிமை ஒழிப்புக் கட்சியின் பக்கம் நின்று பட்டாளத்தில் சேர்ந்தார். 1862 ஏப்ரலில் ஷைலோ போர்க்களத்தில் குண்டு பட்டு, வலது கை முழங்கைக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. காயம் ஆறியபின் மீண்டும் போருக்குச் சென்றார் என்பதிலிருந்தே அவருடைய மனத்திண்மையை அறியலாம்.

1869-ல் அந்த ஒற்றைக் கையுடன் கொலராடோ நதியின் பெரும் பள்ளத்தாக்கினூடே படகில் செல்லத் துணிந்தார். அக்காலத்துத் தேசப்படங்களில் அந்தப் பிரதேசம் வெற்றிடமாகவே இருந்தது. ராஜாங்கத்தார் பணமாக ஒன்றும் கொடுக்கவில்லை. பட்டாளக் கிடங்கிலிருந்து உணவுப் பண்டங்களைப் பெற்றுக்கொள்ள மட்டும் அநுமதி கிடைத்தது. பத்துப் பேர், நான்கு படகுகளில், மே 24-ந் தேதி வையோமிங்கிலுள்ள கிரீன் ரிவர் என்னுமிடத்திலிருந்து புறப்பட்டார்கள். ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கியது. ஒருவர் நடுவழியில் விலகினார். கடைசிச் சுழல்களைக் கண்டு அஞ்சிக் கரையேறிய மூவர் பிறகு உயிருடன் திரும்பவேயில்லை. ஆகஸ்டு மாத முடிவில் பவலுடன் அறுவரே வெளிவந்தனர். இச்சாகசத்தால் அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. பின்வந்த ஆராய்ச்சிகளுக்குக் காங்கிரஸ் சபை பணம் ஒதுக்கத் தொடங்கியது.

ஆயினும் அவருடைய மெய்யான பெருமை நதிப் பயணத்தில் இல்லை. 1878-ல் அவர் சமர்ப்பித்த வறண்ட பிரதேச நிலங்களைப் பற்றிய அறிக்கையிலேயே இருக்கிறது. 1862-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் இனாமாகக் கிடைத்து வந்தது. மழை மிகுந்த கிழக்குப் பகுதிக்கு இது பொருத்தமான அளவே. மேற்கிலோ வருஷத்துக்கு 20 அங்குலத்துக்கும் குறைவாகவே மழை பெய்யும் பரந்த வெளிகள் இருந்தன. ஏர் சென்ற இடத்துக்கு மழையும் பின்தொடர்ந்து வருமென்று ரெயில்வே கம்பெனியாரும் நில வியாபாரிகளும் பிரசாரம் செய்துவந்தார்கள். பவல் கணக்கை எடுத்துக் காட்டி இதை மறுத்தார். பாசனம் பெறும் நிலமானால் குடும்பத்துக்கு 80 ஏக்கரே போதும். வெறும் மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும். நிலத்தோடு நீரின் உரிமையும் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்க வேண்டும். குடிகள் கூட்டுறவாகப் பாசனத்தை நடத்த வேண்டும் என்பன அவர் யோசனைகள். காங்கிரஸ் சபை இவற்றைச் சட்டமாக்கவில்லை.

1881-ல் அவர் அமெரிக்கப் பூகர்ப்ப சர்வே இலாகாவின் தலைவரானார். பின்னர் மேற்கில் பஞ்சம் தலைகாட்டவே, பாசனத்தைப் பற்றிய பேச்சு வலுத்தது. எந்த ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது, எங்கே நீர்த்தேக்கம் கட்டலாம், எந்த நிலம் பாசனத்துக்கு ஏற்றது என்று ஆராய்வதற்காக 1888 அக்டோபரில் 1,00,000 டாலரும், மறு வருஷம் 2,50,000 டாலரும் ஒதுக்கப்பட்டன. ஆற்று நீரை அளக்கும் வித்தை அறிந்தவர்கள் அந்நாட்டில் மிகச் சிலரே. ஆகவே பவல் நியூமெக்ஸிகோவில் ரியோ கிராண்டே நதிக்கரையிலுள்ள எம்புடோவில் முகாம் அமைத்து, இளைஞர்களுக்கு அதைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1889-ல் அங்கே நிறுவப்பட்ட அளவு நிலையமே அவ்விலாகாவின் முதல் நீரளவு நிலையமாகும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆராய்ச்சி முடியுமுன் நில வியாபாரிகள் அணைக்குரிய இடங்களை வளைத்துக்கொள்ளாதிருக்க, அந்தச் சட்டம் பாசனத்துக்குரிய நிலங்களைக் குடியேற்றத்திலிருந்து ஒதுக்கி வைத்திருந்தது. அந்த விதியை ராஜாங்கத்தார் அமலுக்குக் கொண்டுவந்து, சர்வே முடியும்வரை வறண்ட பிரதேசத்தில் நில விநியோகத்தையே நிறுத்திவிட்டனர். முதலில் சர்வேயை ஆதரித்த நெவாடா மாகாணத்து செனட்டர் ஸ்டூவர்ட் இப்போது அதன் ஜன்ம விரோதியானார். பவல் சில வருஷ அவகாசம் கேட்டார். அரசியல்வாதிகளுக்கோ அடுத்த தேர்தலுக்கு அப்பால் பார்வை செல்லவில்லை. 1890 ஆகஸ்டில் காங்கிரஸ் சபை பாசன சர்வேயின் பணத்தை நிறுத்தி, நில ஒதுக்கீட்டையும் ரத்துச் செய்தது. ஆராய்ச்சியின் கணக்கைத் தவறென்று அவர்கள் நிரூபிக்கவில்லை. கணக்கெடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்! 1892-ல் சர்வே இலாகாவின் இதர மானியங்களிலும் கத்தரி விழுந்தது.

1893-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கூடிய பாசன மகாநாட்டில், மேற்கிலுள்ள நிலம் அனைத்துக்கும் போதிய நீர் கிடையாதென்றும், வீணாகக் குடியேற்றினால் நீருரிமைச் சச்சரவுகளே பெருகுமென்றும் பவல் எடுத்துரைத்தார். சபையோர் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தனர். அடுத்த வருஷம் அவர் பதவியை விட்டு விலகினார். 1902 செப்டம்பர் 23-ந் தேதி உயிர் நீத்தார். அவ்வருஷம் ஜூன் மாதத்தில்தான் ராஜாங்கப் பாசனச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதனை நடத்தி வைத்த பிரடெரிக் நியூவெல் எம்புடோ முகாமில் பணியாற்றியவரே.

பவலைக் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. காட்டுத் தீக்கு அந்நாட்டுப் பழங்குடிகளே காரணமென்று கருதி, அவர்களை அப்புறப்படுத்துவதே பரிகாரமெனத் தமது அறிக்கையில் எழுதியது நியாயமன்று. அது அவர்களுடைய மண். அதே மனிதர் அவர்களுடைய பாஷைகளைப் பரிவுடன் சேகரித்து, 1891-ல் 58 குடும்பங்களாக வகுத்து வெளியிட்டார் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

அவர் எச்சரித்தது பின்னால் நடந்தது. 1930-களில் உழுது புரட்டப்பட்ட புல்வெளிகளிலிருந்து மண் புழுதிப் புயலாக எழுந்து, குடிகளை ஊர் ஊராகத் துரத்தியது. 1922-ல் கொலராடோ நதி நீரைப் பங்கிட்டபோது, மழை மிகுந்த வருஷங்களின் கணக்கை நம்பி இருப்பதற்கு மேலாகவே பங்கு போட்டுக்கொண்டார்கள். 2021-ல் அந்நதியில் முதன்முறையாக நீர்ப் பற்றாக்குறையை ராஜாங்கமே பிரகடனம் செய்ய நேர்ந்தது. பவலின் பெயர் தாங்கிய ஏரியே நீர் வற்றி அவரது கணக்குக்குச் சாட்சி கூறியது. ராஜாங்கம் ஒரு பெருங்காரியத்தைத் தொடங்குமுன் அதனால் சுற்றுச்சூழலுக்கு விளையும் பலாபலன்களை ஆராய்ந்து எழுதி வைக்க வேண்டுமென்று அமெரிக்காவில் சட்டம் அமலுக்கு வந்தது 1970-லேதான்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் சிறு தொகை, பின்னால் வரப்போகும் பெருநஷ்டத்தைத் தடுக்கும் காப்பாகும். அதை நிறுத்துவதால் நதியில் ஒரு துளி நீரும் கூடப்போவதில்லை. நமது அறியாமைதான் கூடும். ஆகவே தேசத் தொண்டில் ஈடுபட்டோர், வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போதெல்லாம், எத்தனை அணை, எத்தனை சாலை என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவற்றை முன்கூட்டி ஆராய எவ்வளவு பணம், எவ்வளவு காலம் அளிக்கப்பட்டது, முடிவு கசப்பாயிருந்தாலும் அதை வெளியிட ஆராய்ச்சியாளருக்குச் சுதந்திரம் உண்டா என்றும் கேட்க வேண்டும். இக்கேள்விகளைக் கேட்கும் ஜனங்கள் அன்று இருந்திருந்தால், பவலின் அறிக்கை அலமாரியில் உறங்கியிராது.