கண்ணப்ப நாயனாரும் கன்னிவேட்டைப் பன்றியும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையிற் சிகாநாதப் பெருமானை வழிபட்டுக் குன்றின்மேல் நோக்குவார்க்கு, அறுபத்துமூன்று நாயன்மார் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்று, நடுவே அம்மையப்பர் விடைமேல் எழுந்தருளியிருக்கும் அரிய காட்சி புலனாகும். அத்தலத்து இறைவன் குடுமி கொண்டமைக்கு வழங்கும் வரலாறு பலரும் அறிந்ததே. அர்ச்சகர் ஒருவர் தம் காதன்மங்கை சூடிய மலரை அரசனுக்குப் பிரசாதமாக நல்க, அதன்கண் மயிரிருக்கக் கண்டு அரசன் வெகுள, இறைவற்குக் குடுமியுண்டென அவர் அஞ்சிக் கூறினார். பெருமானும் அவரைக் காத்தற்பொருட்டுக் குடுமியோடு காட்சி தந்தருளினன் என்ப.

திருக்காளத்தி யிறைவனையும் வேடர் குடுமித்தேவர் என்றே வழங்கினராகச் சேக்கிழார் பாடினார். அஃது மலைக்குடுமியில் எழுந்தருளியிருத்தலான் வந்த பெயர், பொருள் வேறு. எனினும், ஒருவர் தலையிற் சூடிய மலரை இறைவன் தன் முடிமேல் ஏற்றான் என்னுஞ் செய்தி இரண்டிடத்தும் உண்டு. காளத்தியிலோ மலரோடு நில்லாது காட்டுப் பன்றியின் ஊனும் அமுதாயிற்று. புலால் மறுத்தலே சைவம் என்று உலகம் பேசுமளவிற்கு அவ்வொழுக்கத்தைப் போற்றும் நாம், இவ்வடிகளார் சரிதத்தை ஓதுமிடத்துச் சிறிது கூசுகின்றோம். பன்றி என்றது ஆணவத்தை, ஊன் என்றது உடற்பற்றை என உருவகமாக்கிக் கடந்து செல்வாரும் உளர். அங்ஙனங் கடத்தல் வேண்டா என்பதே எம் கருத்து. பன்றி பன்றியே; ஊனும் ஊனே.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் நெடுநாள் மகப்பேறின்மையால் முருகவேளை வழிபட்டுப் பெற்ற மைந்தர் இவர். தந்தை கையில் எடுத்தபோது திண்ணென்றிருந்தமையால் திண்ணன் எனப் பெயர் பெற்றார். வில்வித்தை முற்றிய பருவத்தே, விலங்குகள் பெருகிப் புனத்தை அழிக்கின்றன என்று வேடர் முறையிட்டனர். இவ்விடர் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒரே இரவில் நிலக்கடலைக் கொல்லையைப் பன்றி கிளறிப்போட்ட துயரை உழவர் நன்கறிவர். ஆயின் அக்காலத்தில் வேட்டையாடுதல் வேடர்க்குத் தொழிலும் கடமையுமாயிருந்தது. இற்றைக்கோ 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் அனுமதியின்றிக் காட்டுப் பன்றியைக் கொல்லுதல் குற்றமாகும். மூப்பெய்திய நாகன் தலைமையை மகற்கு நல்கி, தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வங்கட்குப் பலியூட்டுவித்து, உடைவாளும் தோலும் அளித்துக் கன்னிவேட்டைக்கு விடுத்தான்.

வலை கட்டி, நாய்களை ஏவி, பறை முழக்கி விலங்குகளை எழுப்பிய அவ்வேட்டையிலும் ஓரறம் இருந்தது. யானைக் கன்றையும் ஓடியாடுங் குருளைகளையும் சூல்கொண்டு தளர்ந்த பிணைகளையும் வேடர் தீண்டிலர். கொலைத்தொழிலிடையே இவ்வருளைச் சேக்கிழார் காட்டியது வீணன்று. பின்னே பெருகப்போகும் அன்பிற்கு ஊற்றுக்கண் ஈண்டே உளது.

அப்போது பெரும் பன்றியொன்று வலைகளை அறுத்துக்கொண்டு பாய்ந்தோடியது. திண்ணனார் அதனைத் தொடர்ந்தார். நாணன், காடன் என்னும் இருவரே அவர்பின் ஓடினர். நெடுந்தொலை ஓடி இளைத்து மரச்செறிவில் நின்ற அதனை, அம்பெய்யாது அணுகிச் சுரிகையால் இரு துணியாக வீழ்த்தினார். பசி மிக்க அவ்விருவரும், இதனைத் தீயிற் காய்ச்சித் தின்று நீர் பருகி மெல்ல மீள்வோம் என்றனர். நீர் எங்குளது என்று வினவ, அப்பாலுள்ள குன்றின் அயலே பொன்முகலி ஓடுகின்றது என்றான் நாணன். பன்றியைச் சுமந்து சென்றனர். குன்று கண்ணிற் பட்டது. அதனை நோக்கி நடக்குந்தோறும் தம்மேலிருந்த பாரமொன்று குறைவதுபோலவும் வேறோர் ஆசை பொங்குவதுபோலவும் திண்ணனார் உணர்ந்தார். முற்செய் தவம் முதிர்ந்து வெளிப்பட்டது என்பர் ஆசிரியர். இருவினை ஒத்து மலம் பரிபாகமுற்ற உயிர்க்கு நிகழுஞ் சத்திநிபாதம் என்று சாத்திரம் கூறுவதும் இதுவேயாம்.

ஆற்றங்கரையிற் பன்றியை இட்டு, தீக்கடைகோலால் தீயெழுப்புமாறு காடனைப் பணித்து, நாணனோடு மலையேறிய திண்ணனார், பெருமானைக் கண்டதும் ஓடித் தழுவி மோந்து கண்ணீர் சொரிந்தார். கைவில் வீழ்ந்தமையும் அறிந்திலர். கொடிய விலங்குகளிடையே இவர் தனியே இருப்பதோ, இவர்க்கு உணவிடுவார் யாவர் என்று உள்ளம் உருகினார். முன்னொருநாள் தந்தையோடு வந்தபோது அந்தணர் ஒருவர் நீராட்டி, இலையும் பூவுஞ் சூட்டி, உணவூட்டக் கண்டதாக நாணன் கூறினான். இறைவற்கு உவந்த முறை அதுவே என்று கொண்டார். அவர் பெற்ற ஆகம உபதேசம் இவ்வளவே என்க.

கன்றை நீங்கிய ஆப்போலப் போவதும் மீள்வதுமாய்க் கீழிறங்கி வந்தவர் செய்தது யாது? காடன் வகிர்ந்து வைத்திருந்த உறுப்புகளிற் கொழுவிய தசைகளைத் தெரிந்து அம்பிற் கோத்துத் தீயில் வாட்டினார். பதமறிய ஒவ்வொன்றையும் பல்லால் அதுக்கிப் பார்த்து, இனியனவற்றைத் தேக்கிலைத் தொன்னையில் இட்டார், அல்லனவற்றை எறிந்தார். இவ்விடத்தே அன்பர்கள் சற்றே நின்று நினைத்தல் வேண்டும். அவரும் காலை தொட்டு ஓடிப் பசித்தவர். வாயினுட் சென்ற ஊனை விழுங்காது உமிழ்கின்றார். தானும் தின்கிலன், எமக்கும் தருகிலன், பேசவும் மாட்டான் என்று தோழர் இருவரும் மருண்டு, தெய்வமயல் கொண்டான் எனத் துணிந்து நாகனையும் தேவராட்டியையும் கொணர ஓடினர். ஊனைப் புலாலென்று விலக்கியவர் உளர். சுவையென்று உண்டவர் உளர். நாவில் வைத்தும் தன் பசி தோன்றாதிருந்தவர் இவர். எச்சில் எனப் பிறர் அருவருக்கும் அச்செயலில் தற்போதம் அற்ற நிலையை அறிவுடையோர் காண்பர். சங்கரரும் சிவானந்தலகரியில் இவ்வேடரின் எச்சிலூனை வியந்தனர். பதினோராந் திருமுறையில் நக்கீரதேவரும் கல்லாடதேவரும் தனித்தனியே திருமறம் பாடினர்.

வாயில் முகலி நீர், குஞ்சியிற் பூ, ஒருகையில் வில்லும் அம்பும், மற்றொரு கையில் ஊனமுது: இங்ஙனம் ஏறிச்சென்று, முடிமேலிருந்த பழம்பூவைச் செருப்படியால் நீக்கி, வாய்நீரால் ஆட்டி, தலைமலரைச் சூட்டி அமுதூட்டினார். இரவெல்லாம் வில்லேந்தி உறங்காது காத்தார். விடிந்ததும் அமுது தேடிக் காடு புக்கார்.

அவர் அகன்றபின் வந்த சிவகோசரியார், திருமுன் கிடந்த எலும்பும் இறைச்சியும் கண்டு பதைத்தார். துடைத்துத் தூய்மை செய்து, முகலியில் நீராடி, ஆகம விதிப்படி பூசித்து மீண்டார். அவரை இகழ்வார் சைவமுணராதார். அவர் செய்ததும் அன்பே; அன்றியும் திண்ணனார் நீரும் மலரும் அமுதும் இடக் கற்றது அந்தணர் பூசையைக் கண்ட நாணன் வாய்மொழியாலன்றோ? திண்ணனாரோ பன்றியும் மானும் கலையும் மரையும் கடமையும் வீழ்த்தி, அவற்றின் ஊனிலே தேனையும் பிழிந்து கலந்து, இது முன்னையதினும் நன்று, தித்திக்கும் என்று உபசரித்து ஊட்டினார். நாகனும் தேவராட்டியும் வந்து பலவாறு அழைத்தும் பயனின்றித் திரும்பினர். இவ்வண்ணம் நாள் சில கழிந்தன.

ஆற்றாராய் முறையிட்ட சிவகோசரியார்க்கு இறைவன் கனவில் தோன்றினான். அவ்வேடன் வடிவெல்லாம் தன்பால் வைத்த அன்பே என்றும், அறிவெல்லாம் தன்னையறியும் அறிவே என்றும், செயலெல்லாம் தனக்கு இனியனவே என்றும் உணர்த்தி, வேள்வியில் இடும் அவியினும் அவ்வூன் தனக்கு இனிது என்று அருளினான். மறுநாள் மறைந்திருந்து காணுமாறும் பணித்தான். இதனை ஊனுண்டற்கு ஆணையாகக் கொள்வார்க்கு ஒன்று கூறுவோம். இறைவன் இனிதென்றது ஊட்டியவன் அன்பை நோக்கி; உண்பார் நாவை நோக்கியன்று. திருவள்ளுவரும் திருமூலரும் புலால் மறுத்தலை விதித்தமை இச்சரிதத்தால் அணுவும் தளராது. உண்ணாத ஒருவர் ஊட்டிய ஊன் உண்பார்க்குச் சான்றாதல் எங்ஙனம்?

ஆறாம் நாள் திண்ணனார் அமுதோடு விரைந்து வருகையில் பெருமான் வலக்கண் குருதி சொரிந்தது. கைவில் சிந்த, ஊன் சிதற வீழ்ந்தெழுந்தார். பகைவரைத் தேடியும் காணார். பச்சிலை பிழிந்தும் நின்றிலது. ஊனுக்கு ஊனே மருந்து என்னும் பழஞ்சொல் அப்போது நினைவில் எழுந்தது. அதுகாறும் விலங்கின் ஊனைத் தெரிந்தெடுத்த அம்பு தம் கண்ணையே அகழ்ந்தெடுத்தது. அப்பியவுடன் குருதி நிற்கக் கண்டு தோள்கொட்டிக் கூத்தாடினார். இடக்கண்ணிலும் குருதி பெருகவே, மருந்து கைவந்தது என மகிழ்ந்து, இடங்காணும் பொருட்டுத் திருக்கண்ணில் தம் இடக்காலை ஊன்றி, எஞ்சிய கண்ணில் அம்பை மடுத்தார். பெருமான் திருக்கை வெளிப்பட்டு அக்கையைப் பற்றியது. கண்ணப்பன் என்னும் பெயரை மும்முறை விளித்துத் தடுத்தது அருள்மொழி. மறைந்திருந்த சிவகோசரியார் அதனைக் கண்டார். தன் வலப்பக்கத்தே என்றும் நிற்குமாறு இறைவன் அவர்க்கு இடம் அளித்தருளினான்.