பின்களத்தின் தூண் ஜர்னைல் சிங்

உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர் நினைவில் நிற்பது போல் கோலைத் தடுத்தவரின் பெயர் நிற்பதில்லை. தடுப்பதற்கென்றே தனியொரு வரிசையை நிறுத்தி விளையாடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில்கூட, எதிரணியின் பந்தெறிவோனை வீழ்த்துவதை வீரரின் தனிக்கணக்கில் உத்தியோகபூர்வமாகச் சேர்க்கத் தொடங்கியது 1982ஆம் ஆண்டில்தான். தெஹியோவிட்ட வட்டாரத்து இறப்பர்த் தோட்ட மைதானங்களிலும் முன்களத்திற்கே போட்டி அதிகம். உடல் பருத்த பையனைப் பின்னால் நிறுத்திவிடுவது வழக்கம். இவ்விதம் கவனிக்கப்படாத ஓரிடத்தில் நின்றுகொண்டே ஆசியா முழுவதும் அறியப்பட்ட ஒருவராக விளங்கியவர் ஜர்னைல் சிங் டில்லன்.

1936ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என வழங்கும் லயால்பூர்ப் பகுதியில் சீக்கியக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினொன்று. எல்லையின் இருபுறமும் முஸ்லிம்களும் சீக்கியரும் இந்துக்களும் வெட்டுண்டு மாண்ட அந்நாட்களில், உடைமைகளை இழந்து கிழக்குப் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தை வந்தடைந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மஹில்பூர் கல்சா கல்லூரி மைதானமே அவரை வீரராக்கியது. 1958இல் கல்கத்தா சென்று ராஜஸ்தான் கழகத்தில் விளையாடிய அவரை அடுத்த ஆண்டே மோகன் பகான் கழகம் அழைத்துக்கொண்டது. அங்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிலைத்தார். 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை கல்கத்தா லீக்கையும், 1963 முதல் தொடர்ந்து மூன்று முறை டூரண்ட் கிண்ணத்தையும் அக்கழகம் வென்றபோது பின்களத்தின் தூணாக நின்றவர் அவரே. கடுமையாக மோதுவார் என்ற குறைபாடும் அவர்மீது இருந்தது. அது முற்றிலும் பொய்யென்று சொல்வதற்கில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்ட இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றார். எனினும் அவர் வாழ்வின் உச்சம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவே.

அணியின் பயிற்றுநர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றது. ஆனால் அவ்வாட்டத்தில் ஜர்னைலின் தலை பிளந்து ஆறு தையல்கள் போட வேண்டியதாயிற்று. ஜப்பானுடனான ஆட்டத்தில் அவர் இல்லை. காயத்துடன் பின்களத்தில் நின்று உயரப் பந்துகளைத் தலையால் எதிர்கொள்வது ஆபத்து என்பதை உணர்ந்த ரஹீம், வேறெவரும் துணியாத முடிவொன்றை எடுத்தார். அரையிறுதியில் தம் தலைசிறந்த தடுப்பாளரையே முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். தடுப்புப் பொறுப்பை அருண் கோஷ் ஏற்றார். தென்வியட்நாமை 3-2 என வென்ற அவ்வாட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டம். இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியரான ஜீ.டி. சோந்தி கண்டித்திருந்தமையால் ஜகார்த்தா மக்கள் இந்தியாமீது கொதித்துப்போயிருந்தனர். அரங்கு நிறைந்த கூட்டம் தென்கொரியாவுக்கே ஆரவாரம் செய்தது. அக்கூட்டத்தின் நடுவே இந்தியாவுக்காகக் குரல் எழுப்பியவர்கள், ஹொக்கி இறுதியில் இந்தியாவையே வென்றிருந்த பாகிஸ்தான் வீரர்கள் என்று இந்திய வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். பிரிவினையால் ஊரிழந்து வந்த ஜர்னைலின் காதில் அக்குரல் எப்படி ஒலித்திருக்கும்!

பதினேழாவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடங்களில் ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்றைத் திருப்பிய போதிலும், சென்னை இராணுவப் படைப்பிரிவில் வளர்ந்த நெடிய பந்துக்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை. 2-1 என்ற கணக்கில் தங்கப்பதக்கம் இந்தியாவுக்குக் கிட்டியது. புற்றுநோயுடன் போராடியபடியே அணியை நடத்திய ரஹீம் 1963 ஜூன் மாதம் காலமானார். அவருக்குப் பின் அவ்வணியின் ஒழுங்கு மெல்லத் தளர்ந்தது என்பதே நம் கருத்து.

ஜர்னைலுக்கு 1964இல் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. பின்னர் அவர் இந்திய அணியின் தலைவரானார். 1966இல் ஆசிய நட்சத்திர அணிக்கும் தலைமை தாங்கினார். ஓய்வுபெற்றபின் பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி கனடாவின் வான்கூவர் நகரில் அவர் மறைந்தார். ஜகார்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டு விழா உதைபந்தாட்டத்தில் இந்தியா பெற்ற ஒரே பதக்கம் 1970இன் வெண்கலம் மட்டுமே.